நடக்கும்போது மட்டும் பேசியவர்

முதலில் நான் நம்பிய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாடி அறையில் குடியிருந்தவர் தூக்குச் சட்டியில் வெடிகுண்டு வைத்திருக்கிறார் என்று நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்றுகூட இல்லை, நம்பினேன். அண்ணாமலையார் மேல் இருக்கிற நம்பிக்கையைவிட அது ஒரு பிடி ஜாஸ்தி.

காரணம் இல்லாமல் இல்லை. மாடி வராந்தாக் கம்பியில், துணி காயும் கொடிக்குப் பக்கத்தில், மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று எப்போதும் தொங்கும். என் மனைவி தேவகியிடம் அவர் கேட்டு வாங்கியது. ஓட்டலில் சாம்பார் வாங்கிவரத்தான் கேட்கிறார் என்று அவளும் கொடுத்திருந்தாள். அதில் சாம்பார் வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. அவர் அறைக்குள் இருந்தாலும் தொங்கும், வெளியே போனாலும் தொங்கும். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க மாடிக்குப் போனேன். தூக்கு உறுமியது. டர்ர்ர் என்று ஆரம்பித்து, கம்பியையும் சேர்த்து நடுங்கவைத்து, நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி டர்ர்ர்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை உண்டு. முட்டிவலி உண்டு. எங்கள் வீட்டு மாடிக்குப் பதினெட்டுப் படி. அன்று என் கால் பட்டது நாலு படியில்தான். கீழே என் ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்த மூன்று பேர், எதிர் டீக்கடைக்காரர், துணி தேய்க்கிறவர், சும்மா நின்றிருந்த ஒரு பசுமாடு, எல்லாரையும் செங்கம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். மாடுதான் கொஞ்சம் தகராறு செய்தது. மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தால், வீட்டு வாசலில் தேவகி. கையில் கரண்டி.

"ஏங்க, தெருவையே காப்பாத்திட்டீங்க. என்ன மட்டும் உள்ளயே வுட்டுட்டீங்களே?"

 

அவளே மேலே போய், புடவைத் தலைப்பால் பிடித்து மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு பழைய செல்போன். நடுக்கத்தில் வைத்திருந்தது. யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"குண்டுக்கு சார்ஜ் கம்மியா கீது, பாருங்க," என்றாள்.

மொத்தக் கும்பலும் மாடியேறி வந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அவர் வாழைப்பழப் பையோடு படியேறி வந்தார். தன் போனை அவர் முதலில் பார்க்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் டீக்கடைக்காரர் கையில் இருந்த போனைப் பார்த்தார். அது வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர் முகம் வெளுத்தது என்று எழுத முடியாது, உதடு மட்டும் சாம்பல் நிறமானது.

"அழிங்க," என்றார், தமிழில். "ப்ளீஸ். அழிங்க."

டீக்கடைக்காரர் அழித்தார். அழித்ததைக் காட்டச் சொன்னார் மாடிக்காரர். காட்டினார். அழித்தவை போய் விழுகிற குப்பைத்தொட்டி ஒன்று போனுக்குள்ளேயே இருக்கிறதாம், அதையும் திறந்து காட்டச் சொன்னார். அதற்குள் எங்கள் சிரிப்பு தீர்ந்துபோயிருந்தது.

அவர் பெயரைச் சொல்லமாட்டேன். நாட்டின் பெயரையும் சொல்லமாட்டேன். ஒரு தடவை அந்தப் பெயரை ஊரறியச் செய்த பெருமை என் ஆயுசுக்குப் போதும். அந்தக் கதைக்கு வருகிறேன். இவ்வளவு சொல்லலாம்: அவருடைய நாடு பக்கத்து நாட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அதைச் சண்டை என்று சொல்வது அங்கே குற்றம். ஒரே ஆள் அவ்வளவு காலமாக ஆண்டுகொண்டிருந்ததால், அந்த ஆளின் படம் இல்லாத சுவரை அங்கே பிள்ளைகள் பார்த்ததில்லை. முன்பெல்லாம் இரண்டு நாட்டுக்காரர்களும் எங்கள் ஆசிரமப் பக்கத்துக் காப்பிக் கடைகளில் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே தோசையைப் பிய்ப்பார்கள். சண்டை தொடங்கிய பிறகு முதுகோடு முதுகாக உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒரு கூட்டம் வருவதையே நிறுத்திவிட்டது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போட்ட குண்டு எங்கள் தெருவில் நாலு 'அறை காலி' அட்டையாக விழுந்தது.

இவர் ஒன்றரை வருஷம் இருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. வந்த மூன்றாம் நாளே எங்கள் தண்ணீர் மோட்டாரின் இருமலை யாரும் கேட்காமலே சரிசெய்தார். காய்கறிக்காரியிடமும் தேவகியிடமும் தமிழ் கற்றுக்கொண்டார். என்னை எல்லாக் குடித்தனக்காரர்களும் 'ஓனர்' என்று கூப்பிட, அதுதான் என் பெயர் என்று நினைத்து அவரும் அப்படியே கூப்பிட்டார். தேவகி அவருக்குப் பத்து வயது இளையவள். தெருவே 'அக்கா' என்றதால் அவருக்கும் அக்கா.

பில்லைக் கிழிப்பார். பால் பாக்கெட் வாங்கிய துண்டுச் சீட்டைக்கூட நாலாகக் கிழித்து, இரண்டு துண்டை ஒரு தொட்டியிலும் இரண்டை அடுத்த தெருத் தொட்டியிலும் போடுவார். "பால் வாங்கினது தெரிஞ்சா என்னா சார் ஆயிடும்?" என்று கேட்டேன்.

"பால் மட்டும் இல்ல ஓனர். நேரம் இருக்கு. இடம் இருக்கு."

வெளிநாட்டுக்காரருக்கு அறை கொடுத்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சி பாரம் நிரப்பி அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் தெருவுக்கே நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். எல்லாரும் பாஸ்போர்ட்டைத் தந்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். இவர் மட்டும் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கட்டத்தையும் படித்தார்.

"இதை யார் படிப்பாங்க?"

"யாருமே படிக்க மாட்டாங்க சார். கம்ப்யூட்டருக்குள்ள போய்ப் படுத்துத் தூங்கும்."

அப்போதுதான் அவர் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன். "எங்க ஊர்லயும் அப்படித்தான் சொன்னாங்க," என்றார். "தூங்கும். யாராவது எழுப்புற வரைக்கும்."

அறைக்குள் அவர் பேசியதெல்லாம் குழாய் ஒழுகுது, பல்பு போச்சு, அக்கா ரசம் நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான். ஒரு மனிதரைப் பற்றியோ ஒரு அரசாங்கத்தைப் பற்றியோ ஒரு சொல் வர வேண்டுமானால் நடக்க வேண்டும். சும்மா நடந்தால் போதாது, கிரிவலம். விடிகாலையில் கதவைத் தட்டி, "ஓனர், நடக்கலாமா?" என்பார். போனை வைத்துவிட்டு வரச் சொல்வார். என் போனும் அவர் போனும் தூக்குக்குள் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். எமலிங்கம் தாண்டும்வரை வாயைத் திறக்கமாட்டார். செங்கம் ரோட்டை விட்டு வலப்பக்கம் திரும்பி, லாரிச் சத்தம் அடங்கினால் பேச்சு வரும். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் நிற்கும். அவர்கள் தாண்டிப் போகக் காத்திருந்து, விட்ட சொல்லிலிருந்து மறுபடி தொடங்குவார். ஊரெல்லாம் அவரைப் பெரிய பக்தர் என்றது. தினம் பதினாலு கிலோமீட்டர், வெறுங்கால், மௌனம்! ரோட்டோரச் சாமியார் ஒருவர் அவர் காலில் விழப்போனார். நானும் அதை மறுக்கவில்லை. மாடியில் ஒரு மகான் குடியிருப்பது வீட்டுக்குக் கௌரவம்தானே.

"எங்க தமிழ்லயே இதுக்குப் பழமொழி கீது சார்," என்று ஒரு நாள் பெருமையடித்தேன். "பகல்ல பக்கம் பாத்துப் பேசு, ராத்திரியில அதுவும் பேசாதே."

அவர் நடையை நிறுத்தினார். "இது எந்த ராஜா காலத்துல வந்துச்சு?"

"தெரியாதே சார்."

"மோசமான ராஜா," என்றார்.

நான் கோமாளி. எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் கவுன்சிலரைப் பற்றித் தினம் ஒரு நக்கல் போடுவது என் காலைக்கடன்களில் ஒன்று. அதை அவரிடம் சொன்னேன். கவுன்சிலருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். "அவரே அதை நாலு பேருக்கு ஃபார்வர்டு பண்ணுவாரு சார், விளம்பரம்னு." இதை மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். கேட்கக் கேட்க, பசித்தவன் பந்தியை எட்டிப் பார்ப்பது போல அவர் முகம் ஆனது. அப்புறம் கேட்டார், "அவருக்கு மேல இருக்கிறவரைப் பத்தி? அதுக்கும் மேல?"  அந்த வாரம் ஒரு பெரிய தலைவரைப் பற்றி நல்ல நக்கல் ஒன்று எழுதிவிட்டு, அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றேன். அப்புறம் அழித்துவிட்டேன். நகைச்சுவை போதவில்லை என்று தேவகியிடம் சொன்னேன். அவள் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு மதியம், ஊரிலிருந்து அவர் மனைவி கூப்பிடுவார். அப்போது மட்டும் தூக்கைத் திறந்து, வராந்தாவில் உட்கார்ந்து, எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு இனிப்புக் குரலில் பேசுவார். என்ன பேசினீர்கள் என்று நடக்கும்போது கேட்டேன்.

"குளிர். பூனை. முட்டைக்கோஸ் ஊறுகாய்."

"ஒரு மணி நேரமாவா?"

"கேட்கிறவங்களுக்கு போரடிக்கணும் ஓனர்."

மனைவியிடமும் எதையும் சொல்வதில்லையா என்றேன். "அவ கெட்டவ இல்ல. வீட்ல டிவி அணையறதே இல்ல. அவ்வளவுதான்." டிவி சொல்கிற சண்டை வேறு. அதில் எல்லாரும் ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர் மனைவி அதை நம்பினார். நம்பாவிட்டால் காலையில் எழுந்து வேலைக்குப் போக முடியாது என்றும் அவரே சொன்னார்.

ஒரு நாள் நிருதிலிங்கம் தாண்டி, ஆள் இல்லாத இடத்தில், கேட்காமலே ஒன்று சொன்னார். ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கீழே பெட்டிக்குள், நின்ற லிஃப்ட் மறுபடி ஓடக் காத்திருந்த இரண்டு பெண்கள். மேலே ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நாலாம் மாடிக்காரி, மளிகைப் பையைக் கை மாற்றிக்கொண்டே, "இந்தச் சண்டை எப்பத்தான் முடியுமோ" என்றிருக்கிறாள். இன்னொருத்தி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஆறாம் மாடியில் இறங்கிப் போய்ச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லிவிட்டாள். ஒரு சாட்சி போதாது, இரண்டு வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.

"மோட்டார் சத்தம், ஒண்ணும் கேக்கலன்னு சொல்லியிருக்கலாமே சார்?"

"சொன்னேன். அவங்க சொன்னாங்க, பராமரிப்பு நேரத்துல மோட்டார் ஓடாது, எங்களுக்குத் தெரியும். உனக்கு ஒரு பையன் இருக்கான், அதுவும் எங்களுக்குத் தெரியும்."

ஒரு ஆட்டோ வந்தது. நின்றோம். போனது.

"கையெழுத்துப் போட்டேன் ஓனர். அவளுக்கு ஏழு வருஷம்."

 மறுபடி நடந்தோம். அவர் கை என் கைக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டே வந்தது. மோட்டாரைச் சரிசெய்த கை. கொஞ்சம் தள்ளி நடந்தேன். அவர் அதைக் கவனித்தார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தள்ளி நடந்தது இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் மகனைப் பற்றிச் சொன்னார். பத்தொன்பது வயது. தொழிற்படிப்பு. படிக்கிறவரை பட்டாளத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், படிப்பு முடிந்ததும் கூப்பிடுவார்கள். முடிய இன்னும் ஒரு மாதம். அதற்குள் பஸ்ஸில் எல்லை தாண்டி, அங்கிருந்து விமானத்தில் சென்னை. எங்கள் மாடியில் இரண்டாவது அறை.

"யார் யாருக்குத் தெரியும் சார்?"

"எனக்கு. அவனுக்கு. பஸ் டிரைவருக்கு. நீங்க நாலாவது."

"எப்போ?"

"பௌர்ணமிக்கு முன்னால, இல்ல பின்னால. கிழமை கேக்காதீங்க."

நான் சத்தியம் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் தேவகியிடம் சொன்னேன். மனைவியிடம் சொல்வது சொன்ன கணக்கில் வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவள் நேராக மாடிக்குப் போய், பையன் பேரில் அர்ச்சனை செய்ய வேண்டும், பேர் சொல்லுங்கள் என்று நின்றாள். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை. அப்புறம் அவளை வராந்தாவின் கோடிக்குக் கூட்டிப்போய்க் காதோடு சொன்னார்.

"சாமிகிட்ட மட்டும் சொல்லுங்க அக்கா. சாமி போன் வச்சிருக்காரா?"

"இல்லீங்க சார். அவுரு பழைய காலத்து ஆளு."

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பூர்வீகம் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு துண்டு நிலம் இன்னும் இருக்கிறது. மனசில் ஒரு வேண்டுதல் இருந்தால் பௌர்ணமி அன்று அங்கே நாலு அண்டா சோறு வடித்து நடக்கிறவர்களுக்குப் போடுவது எங்கள் குடும்ப வழக்கம். பையன் நல்லபடி வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்னதானம் என்றால் பந்தல். பந்தல் என்றால் பேனர். பேனர் இல்லாத அன்னதானத்தை எங்கள் ஊரில் சாமியே ஏற்றுக்கொள்ளாது, யார் போட்ட சோறு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பேனர் கடை ஏகாம்பரம் என் பள்ளித் தோழன். "யாருக்குடா வேண்டுதல்?" என்றான். தேவகி வழியாக என் காதுக்கும் வந்திருந்த பையன் பெயரை மட்டும் சொன்னேன்.

"போட்டோ இல்லாம பேனரா? சாவு போஸ்டர்லகூட போட்டோ கீது மச்சான்."

மகன் படம் இல்லை. அப்பா படம் இருந்தது, சி பாரத்துக்காக எடுத்த பாஸ்போர்ட் நகல்.

"இன்னாடா, கேஸ்ல மாட்டின மாதிரி மொறைக்கிறாரு?"

"அவங்க ஊர்ல பாஸ்போர்ட்டுக்குச் சிரிச்சா கேஸ்."

ஏகாம்பரம் அவர் தலையை வேறு யாரோ ஒருவரின் வேட்டி கட்டிய உடம்பில் ஒட்டி, வலது கையை ஆசி வழங்க வைத்து, பின்னால் மலையையும் தீபத்தையும் போட்டான். கீழே கொட்டை எழுத்தில்: 'அண்ணாமலையார் அருளால் விரைவில் நம் ஊர் வரவிருக்கும் அன்பு மகன்' என்று தொடங்கி, பையனின் முழுப்பெயர், 'வருக வருக', 'மாபெரும் அன்னதானம்'. வெளிநாட்டுக்காரர்களுக்கும் புரியட்டும் என்று பெயரை இங்கிலீஷிலும் போடச் சொன்னவன் நான்தான். நாட்டின் பெயரையும் சேர்க்கச் சொன்னவன் நான்தான். கொடி சும்மா கிடைக்கிறது என்று அவன் கொடியையும் சேர்த்தான். அவரிடம் சொல்லவில்லை. ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த வாரம் செவ்வாயிலிருந்து அவர் நடக்க வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று தேவகி கஞ்சி கொடுத்தனுப்பினாள். வெள்ளிக்கிழமை பௌர்ணமி. சாயங்காலம் நாலு மணிக்கு, நடை தொடங்கிய கூட்டம் எங்கள் பந்தல் முன்னால் வரிசை கட்டியிருந்தபோது, அவர் வந்தார். பேனரைப் பார்த்தார். இங்கிலீஷ் வரியைப் படித்தார். அதற்கு மேலே இருந்த தமிழ் எழுத்தையும் ஒவ்வொன்றாக, உதடு அசைய, படித்தார். கொடியைப் பார்த்தார். கைதூக்கி ஆசி வழங்கும் தன்னையும் பார்த்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு, "எப்புடி சார்?" என்றேன்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, புளிசாதக் கரண்டியை என் கையிலிருந்து வாங்கினார். தொன்னைக்கு ஒரு கரண்டி, சிந்தாமல், சமமாக. அவர் ஆனந்தத்தில் பேச்சிழந்துவிட்டார் என்று நான் ஏகாம்பரத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைப் புடவை கட்டிய வெளிநாட்டம்மா ஒருத்தி வரிசையில் நின்று பேனரைப் படம் எடுத்தாள். அவர் தலையைக் குனிந்து அண்டாவுக்குள் பார்த்தார். அந்தக் குனிவைத் தேவகி பார்த்துவிட்டாள். எனக்குப் பக்கத்தில் வந்து, மெதுவாக, தெளிவாகக் கேட்டாள்:

"ஏங்க. இந்தப் பேரை சாமிகிட்ட மட்டும் சொல்லச் சொன்னாருல்ல?"

  அந்தம்மா பின்னால் ஓடினேன். நிறுத்தி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் சிரித்தாள். தானும் அந்த நாட்டுக்காரிதானாம். இவ்வளவு தூரத்தில் தன் நாட்டுக் கொடியைப் பார்த்ததில் சந்தோஷமாம். படத்தைத் தங்கள் குழுவில் அப்போதே போட்டுவிட்டாளாம். எத்தனை பேர் என்று கேட்டேன். பார்த்துச் சொன்னாள். நிறையப் பேர்.

திரும்பி ஓடிவந்து, காலி அண்டாவைக் கவிழ்த்து மேலே ஏறி, எலுமிச்சம்பழம் நறுக்கும் கத்தியால் பேனரை அறுக்க ஆரம்பித்தேன். கரைவேட்டிக்காரர் ஒருவர் வரிசையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"யோவ்! யாரு பேனரை யாருய்யா கிழிக்கிறது?"

"என் பேனர்யா!"

"சொந்த பேனரை எவனாவது கிழிப்பானா? எந்தக் கட்சிக்காரன்டா நீ?"

அண்டா உருண்டது. நானும் உருண்டேன். பேனர் பாதி கிழிந்து என் மேல் போர்வையாக விழுந்தது. அவருடைய ஆசி வழங்கும் கை சரியாக என் தலைமேல். கூட்டம் சிரித்தது. வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

"விடுங்க ஓனர்," என்றார் அவர், கரண்டியை நிறுத்தாமல். "அடுத்தவங்களுக்குத் தொன்னை கொடுங்க."

அதற்குப் பிறகு ஐந்து நாள். மாடியில் சத்தமே இல்லை. கஞ்சிப் பாத்திரம் கழுவி வாசலில் வைக்கப்பட்டிருக்கும். நான் வாட்ஸப்பில் பதினோரு வருஷமாகப் போட்ட எல்லாவற்றையும் அழித்தேன். கல்யாண வாழ்த்தையும் சேர்த்து. தெருவில் புது வண்டி நின்றால் நம்பரை மனப்பாடம் செய்தேன். அதில் ஒன்று தண்ணீர் கேன் வண்டி. போனை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். "அரிசி அளக்கப் போனா போன் வருது, போனைத் தேடினா அரிசி வருது," என்று தேவகி கத்தினாள். கத்திவிட்டுப் பானை மூடியை இறுக்கி மூடினாள். அந்த இறுக்கத்தில் அவளும் பயந்திருக்கிறாள் என்று தெரிந்தது. இருபது வயதுகூட ஆகாத ஒரு பிள்ளையை ஒரு பேனரால் கொன்றுவிட்டேன் என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

ஆறாம் நாள் விடியலில் கதவு தட்டப்பட்டது.

"ஓனர், நடக்கலாமா?"

எமலிங்கம் வரை நான் பொறுக்கவில்லை. வழியிலேயே கும்பிட்டேன். "சார், என்னாலதான். என் பேனராலதான். என்ன வேணா சொல்லுங்க." அவர் கையைக் காட்டி நடக்கச் சொன்னார். ரோடு திரும்பி, சத்தம் அடங்கிய பிறகு பேசினார்.

"பேனர் வெள்ளிக்கிழமை. அவனைப் பிடிச்சது திங்கக்கிழமை."

விரல் விட்டுக் கிழமையைப் பின்னோக்கி எண்ணினேன். "அப்போ அன்னைக்கு, சாதம் போடும்போது... உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சார் நின்னு போட்டீங்க?"

"வரிசை நின்னுட்டு இருந்துச்சு."

முன்னால் ஒரு குடும்பம் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்துபோனது. அவர்கள் தூரமாகும்வரை நின்றோம். நான் கேட்டேன், "டிரைவரா சொல்லிட்டான்?" இல்லையென்று தலையாட்டினார்.  அவரே சொன்னார். "அவன் அம்மா."

அவர் ஒரு மாதம் கழித்து அறையைக் காலி செய்தார். எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகும் முன் நடக்கும்போதெல்லாம் அவர் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்தால், நடந்தது இதுதான். பையன் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். சொல்லாமல் போக மனசு வரவில்லை. அந்த அம்மா பட்டாள அலுவலகத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். முன்கூட்டியே தெரிவித்தால் தண்டனை கிடையாது, உள்ளூரிலேயே மேசை வேலை கொடுத்து வைத்துக்கொள்வோம் என்று அங்கே வாக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லையில் பஸ்ஸை நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவனை இறக்கினார்கள். மேசை வேலை கொடுக்கவில்லை. மூன்றாவது வாரம் சண்டைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அம்மாவுக்கு ஒரு தடவை போன் செய்தான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து தகவல் இல்லை.